அம்மாவுக்கு ரத்தசோகை, ஆனால் ஃபெரிட்டின் நார்மல் என்று வருகிறது – யாராவது விளக்குங்கள்

மன்னார்குடி மகள்:
வணக்கம். அம்மாவுக்கு வயது 52. மாதவிலக்கு நின்று மூன்று வருடமாகிறது. சின்ன வயதிலிருந்தே நடவு, களையெடுப்புதான் வேலை. இந்தக் குறுவை நடவில் பாதி வயல் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதமாகச் சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 8.2-இலிருந்து 8.6-க்குத்தான் வந்திருக்கிறது. போன வாரம் எடுத்த ரிப்போர்ட்:

ஹீமோகுளோபின் 8.6
எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 74
சீரம் அயர்ன் 31
டி.ஐ.பி.சி. 268
ஃபெரிட்டின் 96

ஃபெரிட்டினுக்கு நேராக நார்மல் என்று போட்டிருக்கிறது. பார்த்த டாக்டர், "இரும்பு இருப்பு நன்றாக இருக்கிறது, வயதானால் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். இருப்பு இருந்தால் ஏன் ரத்தம் ஏறவில்லை? எனக்குப் பயமாக இருக்கிறது.

பாபநாசம் பாட்டி வீடு:
முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் தினமும் கொடுங்கள் அம்மா. எங்கள் வீட்டில் அதில்தான் தேறினார்கள்.

கும்பகோணம் லேப்:
கீரை கொடுங்கள், நல்லதுதான். ஆனால் இந்த ரிப்போர்ட்டில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தங்கச்சி, இருபது வருடமாக லேபில் இருக்கிறேன். ஃபெரிட்டினை மட்டும் பார்த்து அனுப்பியது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரும்பு ரத்தத்தில் தனியாகப் போகாது. தனியாக விட்டால் உறுப்புகளைக் கெடுத்துவிடும். கல்லீரல் செய்கிற டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம்தான் அதைச் சுமக்கிறது. உங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்து லாரி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாரிக்கு இரண்டே மூட்டை, அதாவது ஒரு டிரான்ஸ்ஃபெரினுக்கு இரண்டு இரும்பு அணு. போய் இறங்குகிற இடம் எலும்பு மஜ்ஜை, சிவப்பணு அங்கேதான் உருவாகிறது. சீரம் அயர்ன் என்பது இப்போது லாரிகளில் ஏறியிருக்கிற சரக்கு. டி.ஐ.பி.சி. என்பது எல்லா லாரியிலும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்ற கணக்கு. 31-ஐ 268-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள், 11.6 சதவீதம் வரும். 20-க்குக் கீழே என்றால் மஜ்ஜைக்குச் சரக்குப் போதவில்லை. ஃபெரிட்டின்தான் குடோன் இருப்பு.

வெறும் இரும்புக் குறைவு என்றால் குடோன் காலியாகி ஃபெரிட்டின் 15-க்கும் கீழே இறங்கும். கல்லீரல் கூடுதலாக லாரி விடும், டி.ஐ.பி.சி. பெரும்பாலும் 400-ஐத் தாண்டும். அம்மாவுக்கு லாரியும் கூடவில்லை, சரக்கும் ஏறவில்லை. குடோன் பூட்டிக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பூட்டுக்குப் பெயர் ஹெப்சிடின். உடம்பில் வீக்கமோ தொற்றோ நாள்பட்டு இருந்தால் கல்லீரல் இதை அதிகமாகச் சுரக்கும். குடலிலிருந்து இரும்பு உள்ளே வருகிற வாசல் அடைபடும். மண்ணீரலிலிருந்து வெளியே வருகிற வாசலும் அடைபடும், இதுதான் பெரிய அடி. மஜ்ஜைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது 1, 2 மில்லிகிராம்தான். மற்றதெல்லாம் 120 நாள் ஓடிக் களைத்த பழைய சிவப்பணுக்களை மண்ணீரல் போன்ற இடங்களில் உடைத்து எடுப்பது.

அப்புறம், வீக்கம் இருந்தாலே ஃபெரிட்டின் தானாக ஏறிக் காட்டும். 96-ஐ அப்படியே இருப்பு என்று நம்ப முடியாது. பூட்டும் இருக்கலாம், உள்ளே சரக்கும் குறைவாக இருக்கலாம்.

அம்மாவுக்கு மூட்டு வீக்கம், விட்டுவிட்டுக் காய்ச்சல், ஆறாத புண் ஏதாவது உண்டா? வலிக்கு மாத்திரை எடுக்கிறாரா?

மன்னார்குடி மகள்:
அண்ணா, நீங்கள் கேட்டதும் திக்கென்று ஆகிவிட்டது. ஒரு வருடமாகக் காலையில் எழுந்தால் விரல் மடங்காது. டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தித்தான் டீ குடிப்பார். விரல் சரியாவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாற்று முடியைக் கூடப் பக்கத்தில் நடுகிற அத்தைதான் பிரித்துக் கொடுக்கிறார். மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை வெற்றிலையோடு சுருக்குப்பையிலேயே இருக்கும். சத்து மாத்திரையை அந்தக் காலை டீயோடு போட்டுக்கொள்கிறார்.

நீடாமங்கலம் செவிலியர்:
அம்மாடி, அந்த வலி மாத்திரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த வகை மாத்திரைகளைத் தினமும் போட்டால் இரைப்பையில் புண் வந்து ரத்தம் கசியலாம். மலம் கறுப்பாகப் போகும். சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாகத்தான் போகும், அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. எங்கள் பக்கத்திலும் இப்படிப் பார்த்திருக்கிறேன். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு இரும்பு குறைந்தால் ரத்தம் எங்கே போகிறது என்று தேடியே ஆக வேண்டும். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவர், கொக்கிப்புழுவும் இருக்கலாம், பூச்சி மாத்திரை பற்றியும் கேளுங்கள். டீயோடு சத்து மாத்திரை வேண்டவே வேண்டாம், இரும்பு உடம்பில் சேராது. எலுமிச்சை ஜூஸோடு கொடுங்கள். உடம்பில் வீக்கம் இருக்கிறதா என்று காட்டுகிற சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனைகளை எடுத்துக்கொண்டு மூட்டு டாக்டரைப் பாருங்கள். அந்தச் சுருக்குப்பை மாத்திரையையும் மறக்காமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மன்னார்குடி மகள்:
எல்லோருக்கும் நன்றி. சி.ஆர்.பி. 41, அதிகம்தான். தஞ்சாவூரில் மூட்டு டாக்டர் முடக்குவாதம் என்று சொல்லி மருந்து தொடங்கியிருக்கிறார். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் இரண்டு புண். அக்கா சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. வலி மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். குடல் வழியாக இரும்பு ஏறாது என்று ரத்தக் குழாய் வழியாக டிரிப்பில் ஏற்றினார்கள். இரண்டு வாரத்தில் ஹீமோகுளோபின் 9.7. ஆனால் ஃபெரிட்டின் 410 என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. இரும்பு அதிகமாகிவிட்டதா அண்ணா?

கும்பகோணம் லேப்:
பயப்படாதீர்கள் தங்கச்சி. டிரிப் ஏற்றிய சில வாரத்துக்கு ஃபெரிட்டின் அப்படித்தான் எகிறி நிற்கும். இப்போது எடுத்திருக்கவே வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறுகிறதே, அதைப் பாருங்கள். டிரிப் போட்ட நாளிலிருந்து எட்டு வாரம் ஆனதும், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். ஃபெரிட்டின், சீரம் அயர்ன், டி.ஐ.பி.சி., சி.ஆர்.பி. நான்கையும் ஒரே நாளில் எடுக்கச் சொல்லுங்கள். வந்ததும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.