மூன்றாண்டுகள் காவடி எடுத்தும் கடை நொடித்துப்போனது: பக்தி நல்வாழ்வைக் கொண்டுவருமா?

குளுகோர் இல்லத்தரசி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நீண்ட நாள்களாக மனத்தில் வைத்திருந்த ஒன்றைக் கேட்கிறேன். என் கணவர் பதினோரு ஆண்டுகள் ஜோர்ஜ்டவுனில் மளிகைக்கடை நடத்தினார். கடந்த மூன்று தைப்பூசங்களிலும் 48 நாள் விரதம் இருந்து, தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுத்தார். தொழில் தழைக்க வேண்டும் என்பதே அவருடைய வேண்டுதல். மூன்றாவது காவடி எடுத்த ஐந்தாம் மாதத்தில் கடையை மூடினோம். வாடகை உயர்ந்தது, அடுத்த தெருவில் பேரங்காடி வந்தது, கணக்கு எழுதிச் சரக்கு வாங்கியவர்களில் பலர் பணம் தரவில்லை.

என் கொழுந்தனார் கோவில் பக்கமே போகாதவர். அவர் லோரித் தொழிலில் முன்னேறி இரண்டாவது லோரியும் வாங்கிவிட்டார். அவர்மீது எனக்குப் பொறாமை இல்லை. கடை மூடிய மாதம் எங்கள் வீட்டு வாடகையைக் கட்டியவரே அவர்தான். ஆனால் இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் என் மாமியார், விரதத்தில் ஏதோ குறை நேர்ந்ததால்தான் முருகன் கைவிட்டான் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என் கணவர் பூசையறைக்குள் வருவதில்லை. மாலையில் விளக்கேற்றித் திருப்புகழ் பாடாமல் சாப்பிட உட்காராத மனிதர் அவர். இப்போது விளக்கை நான்தான் ஏற்றுகிறேன், பாட்டு இல்லை.

இந்நிலையில் ஒரு சோதிடர் 3,800 வெள்ளி (ரிங்கிட்) செலவில் பரிகாரப் பூசை செய்தால் ஓராண்டுக்குள் நிலைமை மாறும் என்கிறார். தாலிக்கொடியை அடகு வைத்தால் அந்தப் பணம் கிடைக்கும். நம்பிக்கை உள்ளவர்களுக்கு நல்வாழ்வு வரும் என்பது உண்மையா? உண்மையென்றால் எங்களிடம் என்ன குறை? உண்மையில்லை என்றால், அந்த மூன்று ஆண்டு விரதமும் எதற்காக?

பாயான் லெப்பாஸ் கணக்காய்வாளர் எழுதியது:

சகோதரி, நான் கணக்காய்வுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவன். முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள். கடை மூடியதற்கான காரணங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாடகை, பேரங்காடி, வராத கடன் ஆகிய மூன்றில் எதையும் அந்தப் பூசை தொடப்போவதில்லை. கடையின் கடன் இன்னும் பாக்கி இருந்தால், நம் நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை அணுகுங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

இனி உங்கள் கேள்வி. இதற்கு நம் பினாங்கிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. தைப்பூசத்தின்போது நாம் தேங்காய் உடைத்து வரவேற்கும் வெள்ளி இரதத்தை 1894ஆம் ஆண்டில் இங்கே கொண்டுவந்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார். வட்டித்தொழில் செய்த அவர்கள், வரவில் ஒரு பகுதியை மகமையாக ஒதுக்கி, தங்கள் கணக்கேடுகளில் முருகனுக்கும் பற்றுவரவு வைத்து, அவனையும் ஒரு பங்காளியாகவே கருதினார்கள். பக்தியைச் செல்வத்தோடு இவ்வளவு நெருக்கமாகப் பிணைத்த இன்னொரு கூட்டத்தாரை நான் அறியேன். அவர்களுக்குச் செல்வம் வந்தது என்பதும் உண்மை.

ஆனால் பர்மாவில் நடந்ததைப் பாருங்கள். 1930ஆம் ஆண்டில் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டு விளைநிலம் அவர்கள் கையில் இருந்தது. 1938இல் அது 25 விழுக்காடு ஆயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் அது அதிர்ஷ்டம் போலத் தோன்றும். உண்மையில் அது, நெல்விலை வீழ்ந்து கடன் திரும்பாததால் வேண்டாமலே வந்து சேர்ந்த நிலம். ரொக்கமாக வரவேண்டியது மண்ணாக வந்தது. 1942இல் சப்பானியப் படை நுழைந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தாயகம் திரும்பினார்கள். போருக்குப் பின் விடுதலை பெற்ற பர்மா, நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. ஏறிய காலத்திலும் இறங்கிய காலத்திலும் அதே முருகன்தான், அதே மகமைதான். பக்தி குறைந்ததால் பர்மா கைவிட்டுப் போயிற்று என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் ஏட்டில் எழுதியிருக்க முடியாது. உங்கள் மாமியார் சொன்னதை அந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

ஆயினும் நம்பிக்கைக்கும் செல்வத்திற்கும் தொடர்பே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். நகரத்தார் கோவிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். ஒருவர் எழுதிக்கொடுத்த உண்டியல் என்னும் பணச்சீட்டை, முகம் பார்த்திராத இன்னொருவர் வேறு துறைமுகத்தில் மதித்துப் பணம் கொடுத்தார். வாக்குத் தவறியவர் மறுநாள் அதே சந்நிதியில் எல்லார் முன்னும் நிற்க வேண்டியிருந்தது. ஆகவே செல்வம் கோவில் வழியாக வந்தது என்பது ஒரு பொருளில் சரிதான். ஆனால், அது ஒரே சாமியைக் கும்பிட்டவர்கள் ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையின் வழியாக வந்தது. உங்கள் கடையில் பணம் தராமல் போனவர்களுக்கும் உங்களுக்கும் இடையில் அத்தகைய கட்டு இல்லை. அது உங்கள் கணவரின் விரதக் குறை அன்று.

ஆயர் ஈத்தாம் பக்தை எழுதியது:

மேலே எழுதிய ஐயாவை மதிக்கிறேன், ஆனால் உடன்படவில்லை. எனக்குத் திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் குழந்தை இல்லை. மருத்துவர்கள் கைவிரித்த பிறகு, பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். அடுத்த ஆண்டே மகன் பிறந்தான். அவனுக்கு இப்போது பதினான்கு வயது. ஒவ்வோர் ஆண்டும் 513 படிகளையும் அவனோடு ஏறுகிறேன். இதைத் தற்செயல் என்று என்னால் சொல்ல முடியாது. சொன்னால் நன்றி மறந்தவள் ஆவேன்.

சகோதரிக்கு ஒன்று சொல்வேன். குங்கிலியக் கலய நாயனாரின் மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்தார். அதை விற்று இறைவனுக்குக் குங்கிலியம் வாங்கினார் நாயனார். அன்றிரவே வீடு நிறையப் பொன்னும் நெல்லும் குவிந்தன. முழுதாக நம்பியவர்களை அவன் கைவிட்டதில்லை. எந்தச் சோதிடர் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் கொடுக்கத் தயங்கும் மனத்தோடு கேட்டால் கிடைக்காது என்பது என் அனுபவம்.

பட்டர்வொர்த் தேவார வகுப்பு எழுதியது:

அம்மா, உங்கள் மகன் நீடு வாழ வேண்டும். உங்கள் நன்றியை யாரும் குறை சொல்லக் கூடாது. ஆனால் கலயர் வரலாற்றை இந்தச் சகோதரியிடம் தாலிக்கொடியைப் பற்றிப் பேசும்போது எடுத்துக்காட்டியது எனக்கு வருத்தம் அளிக்கிறது. நாற்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு இவ்வரலாறுகளைச் சொல்லி வருபவன் என்ற உரிமையில் விளக்குகிறேன்.

திருக்கடவூரில் அந்த அம்மையார் தாலியைக் கொடுத்தது குங்கிலியம் வாங்க அன்று. பசியால் வாடிய பிள்ளைகளுக்கு நெல் வாங்க. வழியில் குங்கிலியப் பொதியைக் கண்ட கலயர், வந்த வேலையை மறந்து, தாலியைக் கொடுத்துப் பொதியை வாங்கிக் கோவிலில் சேர்த்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். ஓராண்டில் நிலைமை மாறும் என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை; மாற வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை. பலனைக் குறித்துக் கொடுத்த பணமாக அது இருந்திருந்தால், அவரை நாயனார் வரிசையில் வைத்திருக்க மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அதே வரிசையில் இளையான்குடி மாறனாரும் இருக்கிறார். வயலும் செல்வமும் நிரம்பிய உழவர் அவர். அடியார்களுக்கு அன்னம் இட்டே எல்லாம் கரைந்தது. மழை கொட்டும் ஓர் இரவில் அடியார் ஒருவர் வந்தபோது வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. அன்று பகலில் விதைத்த நெல்லை இருட்டில் சென்று கூடையில் வாரி வந்தார். விறகுக்குக் கூரையின் வரிச்சை வெட்டினார். குழியில் முளைத்திருந்த கீரையைப் பறித்து வந்து மனைவியிடம் கொடுத்தார். விருந்தாக வந்த இறைவன் அவர்களைத் தன் உலகிற்கு அழைத்துக்கொண்டான். இழந்த வயல் இளையான்குடியில் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்ததாக வரலாறு கூறவில்லை. விதைநெல்லை வாரிய அந்த இரவில், அவரும், முருகன் கைவிட்டான் என்று சொல்லப்பட்ட உங்கள் கணவரைப் போலத்தான் ஊராருக்குத் தோன்றியிருப்பார். கலயருக்குப் பொன் வந்தது, மாறனாருக்கு இவ்வுலகில் வரவில்லை. இருவரையும் ஒரே வரிசையில் வைத்துக் கும்பிடுகிறோம். செல்வம் பக்தியின் அளவுகோல் என்றால் இது எப்படிப் பொருந்தும்?

கோலாலம்பூர் முன்னாள் தாதி எழுதியது:

முப்பது ஆண்டுகள் மருத்துவமனையில் தாதியாக இருந்தேன். நான் பத்துமலையில் பால்குடம் எடுப்பவள். நம்பிக்கையற்றவள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆறு மருத்துவமனைகளில் இருதய மாற்றுவழி (பைபாஸ்) அறுவைச் சிகிச்சை பெற்ற 1,802 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறதா இல்லையா என்று அறியாதவர்களில், பிரார்த்தனை செய்யப்பட்டவர்களுள் 52 விழுக்காட்டினருக்கும், செய்யப்படாதவர்களுள் 51 விழுக்காட்டினருக்கும் பின்விளைவுகள் ஏற்பட்டன. பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களிடம் அது 59 விழுக்காடாக இருந்தது. ஏன் கூடியது என்பதை ஆய்வாளர்களால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. ஆயர் ஈத்தாம் சகோதரியின் அனுபவத்தை இந்த எண்கள் பொய்யாக்கவில்லை. ஆனால், வேண்டுதல் பலித்தவர்களே ஆண்டுதோறும் படியேறி வந்து நம் கண்ணில் படுகிறார்கள். பலிக்காதவர்கள் வீட்டில் விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு முழுமை பெறும்.

அந்த வீட்டில் இருப்பவரைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். 2001இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், நோயுற்ற முதியவர்கள் 596 பேரை ஏறத்தாழ ஈராண்டுகள் கவனித்தார்கள். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தன்னைத் தண்டிக்கிறார் என்ற எண்ணத்தோடு போராடியவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. உடல்நலக் குறைவின் அளவைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு நீடித்தது. வார்டில் நான் கண்டதும் இதுவே. நம்பிக்கை இல்லாத நோயாளி ஒருவிதமாக அமைதியாக இருப்பார். நம்பிக்கை உள்ளவருக்கு நாமம் சொல்லப் பக்கத்தில் ஒருவர் இருப்பார். ஆனால் “நான் என்ன பாவம் செய்தேன்” என்று சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவருக்கு இரண்டும் இல்லை. மாமியார் சொன்ன அந்தச் சொல், அவர் அன்பினால்தான் சொல்லியிருப்பார் என்றாலும், உங்கள் கணவரை அந்த இடத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. கடையைக் காட்டிலும் இதை முதலில் பாருங்கள் தங்கை. அவர் சரியாக உறங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று கவனியுங்கள். இல்லையென்றால் அருகிலுள்ள அரசு கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆயர் ஈத்தாம் பக்தை எழுதியது:

தாலிக்கொடியைப் பற்றி நான் எழுதியிருக்கக் கூடாது. என் நம்பிக்கையில் மாற்றம் இல்லை. ஆனால் கொடுக்கத் தயங்குபவருக்குக் கிடைக்காது என்ற வரியை எழுதியபோது, கொடுத்தும் கிடைக்காத ஒருவர் அதைப் படிப்பார் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. சகோதரி என்னை மன்னிக்க வேண்டும். இந்தத் தைப்பூசத்தில் உங்கள் வீட்டாருக்காகவும் ஓர் அர்ச்சனை செய்வேன்; எதையும் கேட்காமல்.

குளுகோர் இல்லத்தரசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அக்கா, மன்னிப்பு எதற்கு. அர்ச்சனைக்கு என் கணவரின் நட்சத்திரம் விசாகம் என்று சொல்லுங்கள். சோதிடரிடம் பணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏகேபிகேக்கு அடுத்த வாரம் செல்கிறோம். வங்கிக் கடன் இன்னும் 22,000 வெள்ளி இருக்கிறது.

நேற்றிரவு இந்தப் பதில்களை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். பர்மாவைப் பற்றியும் மாறனாரைப் பற்றியும் எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. படுக்கப் போகும்போது ஒன்று கேட்டார்: ஐந்து ஆண்டுகள் காவடி எடுப்பதாக அவர் மனத்துள் வேண்டிக்கொண்டாராம், எனக்கே இதுவரை தெரியாது. இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. காவடி கட்ட இப்போது வசதி இல்லை. அதற்குப் பதிலாகப் பால்குடம் எடுத்தால் வாக்குத் தவறியதாகுமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.

பட்டர்வொர்த் தேவார வகுப்பு எழுதியது:

தவறாகாது, தாயே. தோளில் ஏறுவது மரக்காவடியா பால்குடமா என்பதைச் செலவு முடிவு செய்யலாம். சந்நிதியில் நின்று, என்னால் இயன்றது இது என்று அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுக்கட்டும். மனம் இன்னும் உறுத்தினால் கோவில் குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்புகழ் பாடுவார் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வகுப்பில் 23 பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்குக் குரல் போய்விட்டது, சந்தம் பிடித்துப் பாடிக்காட்ட ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு ஏழரை மணிக்குத் தொடங்குகிறோம். படகில் வந்தால் துறைமுகத்தில் வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.