சரோஜினி நாயுடுவின் நெசவாளர் கவிதை: நைனா கேட்ட கேள்விக்குப் பதில் தெரியலை

தறிவீட்டுப் பெண், ஆரணி:
வணக்கம். வேலூரில் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். எங்க வீட்டில் பட்டுத்தறி; நைனா நெய்றார், அம்மா தார் (ஊடைக்கான நூல்) சுத்துறாங்க. சரோஜினி நாயுடுவின் ‘இந்தியன் வீவர்ஸ்’ பற்றிக் கட்டுரை எழுதணும். 1905-ல் வந்த ‘கோல்டன் த்ரெஷோல்ட்’ தொகுப்பில் இருக்கு. விடியற்காலையில் பிறந்த குழந்தைக்கு நீலத்துணி, அந்தி சாயும்போது ராணி கல்யாணத்துக்கு மயில் நிற முக்காடு, நிலா வெளிச்சத்தில் செத்தவருக்கு வெள்ளைத்துணி. மூணே பத்தி.

நேத்து ராத்திரி நைனாவுக்குத் தமிழில் சொன்னேன். தறிக்குழியிலிருந்து காலை எடுக்காமலே கேட்டுட்டு, “நெய்றவன் சாப்ட்டானான்னு அந்தம்மா கேக்கவே இல்லியா?”ன்னார். உப்புக்காக ஜெயிலுக்குப் போனவங்க இதை ஏன் கேக்கலை? கவிதை வேற, அரசியல் வேறன்னு வெச்சிருந்தாங்களா?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், குடியாத்தம்:
அம்மா, உன் நைனா கேட்டது நியாயம். அதை மழுப்பாதே. இந்தக் கவிதை தறியைத் திண்ணையில் நின்று பார்க்கிறது, குழிக்குள் இறங்கவில்லை. அப்போது அவருக்கு இருபத்தாறு வயதுதான். லண்டனில் படித்த காலத்தில், ஆங்கிலப் பறவைகளை விட்டுவிட்டு உன் நாட்டைப் பாடு என்று ஆங்கில விமர்சகர் எட்மண்ட் காஸ் சொன்னார். அவரும் ஐதராபாத் கடைவீதி, பல்லக்கு, நெசவு என்று பாடினார். அழகு இருக்கிறது, பசி இல்லை.

ஆனால் 1917-ஐப் பார். ‘தி புரோக்கன் விங்’ என்ற அவருடைய கவிதைத் தொகுப்பு வந்தது அந்த வருஷம். அதே வருஷம் டிசம்பரில், பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்த குழுவுக்கு அவர்தான் தலைவி. அதற்குப் பிறகு அவர் உயிரோடிருந்தவரை புதுத் தொகுப்பு எதுவும் வரவில்லை. 1925-ல் கான்பூர் காங்கிரஸ் தலைவர். 1930 மே 21 அன்று குஜராத்தின் தராசனா உப்பளத்தில் தொண்டர்களுக்கு முன்னால் நின்றார். அடி விழும்போது தடுக்கக்கூடக் கையைத் தூக்காதீர்கள் என்று சொன்னார். ஒரு கவிஞர் பேனாவை வைத்துவிட்டாரே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். ஆனால் திண்ணையிலிருந்து இறங்கி வந்தது அப்போதுதான்.

சரோஜினி பேத்தி, தொரப்பாடி:
எங்க ஆயா பேரே சரோஜினி. 1930-ல பொறந்தவங்க. அந்த வருஷம் வேதாரண்யம் உப்புப் போராட்டத்துல கைதான ருக்மிணி லட்சுமிபதியை எங்க ஊர் ஜெயில்லதான் வெச்சிருந்தாங்க. பொம்பளைங்க ஜெயிலுக்குப் போறாங்கன்னு வேலூரே பேசிக்கிட்ட காலம். ஆயாவோட அப்பா மளிகைக்கடைக் கணக்குப்பிள்ளை. கவிதையெல்லாம் அவருக்குத் தெரியாது, பேரை மட்டும் எடுத்து வெச்சிட்டார்.

ஆயா 1957-ல மொத ஓட்டு போட்டாங்க. அப்போ வேட்பாளருக்கு ஒரு பெட்டி. சீட்டைப் போட்டுட்டு, உள்ள விழுந்த சத்தம் கேக்குதான்னு காதை வெச்சுக் கேட்டாங்களாம். அந்த 1917 விஷயம் எனக்கு இப்பத்தான் தெரியும் சார். ஆயா இருந்திருந்தா உக்கார வெச்சு சொல்லியிருப்பேன்.

தறிவீட்டுப் பெண், ஆரணி:
சார், அக்கா, ரொம்ப நன்றி. காலையில நைனாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ஆயா காதை வெச்சுக் கேட்டதை ரெண்டு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம் அந்த மயில் நிறம் என்னன்னு எழுதியிருக்குன்னு கேட்டார். ஊதாவும் பச்சையும்னேன். எழுந்து போய் மிச்ச நூல்கண்டு ரெண்டை எடுத்து வந்து பக்கத்துல பக்கத்துல பிடிச்சார். “நீள நூலான பாவு ஊதா, குறுக்கு நூலான ஊடை பச்சை. வெளிச்சத்துல திருப்புனா மயில் கழுத்து மாதிரி மாறும். அந்தம்மா புடவையை நல்லாப் பாத்திருக்கு”ன்னார்.

நெய்றவன் சாப்ட்டானாங்கிற கேள்வியை மட்டும் எடுத்துடாதேன்னு சொல்லிட்டார். ரெண்டையும் எழுதுறேன்.