நாள்பட்ட முதுகு வலி: அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: என் தாயாருக்கு ஓராண்டாகக் கீழ்முதுகு வலி உள்ளது. எம்.ஆர்.ஐ. படத்தில் எல்4–எல்5 டிஸ்க் (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை போன்ற வட்டு) பிதுங்கியிருப்பதால் அறுவை சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில் 1: படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், வலியே இல்லாத பலரின் படங்களிலும் இத்தகைய பிதுக்கம் காணப்படுகிறது. நரம்பு அழுந்துவதால் காலுக்கு இறங்கும் வலி, 6 முதல் 12 வாரச் சிகிச்சைக்குப் பின்னும் தணியாவிட்டால் அறுவை சிகிச்சை நல்ல பலன் தரக்கூடும். முதுகோடு நிற்கும் வலிக்கு அந்த அளவுக்குத் தருவதில்லை.

பதில் 2: உடன்படுகிறேன். ஆனால் சிறுநீர் பிரியாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்: வலி காலுக்கு இறங்கவில்லை, மரத்துப்போதலும் இல்லை.

பதில் 1: அப்படியானால் இயன்முறைப் பயிற்சியைத் தவறாமல் தொடரச் செய்து, வேறொரு முதுகுத்தண்டு நிபுணரின் கருத்தையும் கேளுங்கள்.