மார்கழிக் கச்சேரிகளுக்கு எங்கே போவது: தேரடித் தெருக் குழுவில் ஒரு காலைப் பேச்சு

மாடி வீட்டு அக்கா, காலை 7.12
அனைவருக்கும் வணக்கம். மார்கழிக் கச்சேரிகளின் அட்டவணைகள் வரத் தொடங்கிவிட்டன. கையில் கிடைத்த பக்கங்களைப் படமெடுத்து மேலே போட்டிருக்கிறேன். என் மகன் மிருதங்கம் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருப்பதால் இந்த ஆண்டு அவனை அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். ஆனால் ஒரே மாலையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், இத்தனை இடங்களில் கச்சேரி நடக்கிறது என்றால் திருவொற்றியூரிலிருந்து புறப்படுகிறவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது? இரவில் எப்படித் திரும்புவது? போய் வந்து பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஹார்பர் மாமா, காலை 7.20
அம்மா, இதற்கு என்னைத்தான் கேட்க வேண்டும். மியூசிக் அகாடமியில் வழக்கமாக டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை விழா நடக்கும். காலையில் லெக்டெம், அதாவது பாடிக் காட்டி விளக்கும் உரை, பிற்பகலில் இளம் கலைஞர்கள், மாலையிலும் இரவிலும் பெரிய வித்வான்கள் என்பது அங்கே வகுக்கப்பட்ட முறை. பெரும்பாலான சபாக்களில் பிற்பகல் கச்சேரிகளுக்குக் கட்டணம் கிடையாது. மாலைக்குத்தான் டிக்கெட். ஆகவே மதியம் தியாகராய நகரில் ஒரு கச்சேரி, நான்கு மணிக்கு மயிலாப்பூரில் ஒன்று, இரவுக்கு டிடிகே சாலையில் உள்ள அகாடமி என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் மூன்று சபாக்களையும் மூன்று கேன்டீன்களையும் பார்த்துவிடலாம். கீரை வடையும் காசி அல்வாவும் எந்த சபாவில் நன்றாக இருக்கும் என்பதைத் தனியாகத் தெரிவிக்கிறேன்.

வீணை டீச்சர், காலை 7.34
மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரே நாளில் மூன்று சபா ஏறி இறங்குவது, பாதி ஆலாபனையில் எழுந்து, அடுத்த இடத்தில் பாதிக் கீர்த்தனையில் உட்காரும் வேலைதான். இன்று மேடையில் நாம் கேட்கும் கச்சேரி வரிசை, அதாவது வர்ணத்தில் தொடங்கி, சில கீர்த்தனைகளைக் கடந்து, விரிவான ராகத்துக்கும், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் போய், பிறகு சிறு பாடல்களான துக்கடாக்களில் இறங்கும் அமைப்பு, அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தியது. அது ஒரே மூச்சாக இரண்டரை மணி நேரம் கேட்பதற்காகவே கட்டப்பட்டது. அக்கா, மகனை அழைத்துக்கொண்டு ஒரே ஒரு கச்சேரிக்குப் போங்கள், ஆனால் முதலிலிருந்து கடைசி வரை இருங்கள்.

கல்லூரித் தம்பி, காலை 7.51
மன்னிக்கவும், ஓர் ஐயம். எல்லாக் கச்சேரியும் தெற்கே இருக்கிறது, கேட்கிறவர்களும் அந்தப் பக்கத்தவர்களாகவே இருக்கிறார்கள். நான் சென்ற ஆண்டு நண்பனோடு ஓர் அரங்குக்குப் போனேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. என்ன பாடுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டதற்கு அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நம் பகுதியில் கானாப் பாட்டுக்கு ஊரே கூடி நிற்கிறது. அங்கே கைதட்டுவதற்கும் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சங்கீதத்துக்கும் நமக்கும் என்ன உறவு என்று பெரியவர்கள் யாராவது விளக்க வேண்டும்.

தமிழ் ஐயா, காலை 8.15
தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அந்த மனிதர் நடந்துகொண்ட விதத்துக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் இந்தக் கச்சேரிப் பழக்கம் தெற்கே பிறந்தது என்று நினைத்தால் வரலாறு தலைகீழாகிவிடும். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாகத்தான் மியூசிக் அகாடமி உருவாயிற்று. அதன் தொடக்க விழா 1928 ஆகஸ்டு 18 அன்று எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. அரங்கில், அதாவது நம் பாரிமுனையில் நடந்தது. இன்றைய கட்டடத்துக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1955-இல், அரங்கம் திறக்கப்பட்டது 1962-இல். அகாடமி தோன்றுவதற்கு முன்பே ஜார்ஜ் டவுன் வணிகர்கள் தங்கள் வீடுகளிலும் மண்டபங்களிலும் வித்வான்களை அழைத்துப் பாட வைத்து ஆதரித்தார்கள். வக்கீல்களும் செல்வர்களும் மயிலாப்பூர்ப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனபோது சபாக்களும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டன. போனது ரசிகர் கூட்டமே ஒழிய, வேர் இங்கேயே இருக்கிறது.

ஹார்பர் மாமா, காலை 8.19
ஐயா பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் இட்லியை முடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

வீணை டீச்சர், காலை 8.40
ஐயா விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். இது என் வாத்தியத்தைப் பற்றியது. வீணை தனம்மாள் வாழ்ந்தது ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணா தெருவில். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பதைக் கேட்க ஊரின் தேர்ந்த ரசிகர்களும் வித்வான்களும் கூடினார்கள். அங்கே ஒலிபெருக்கி இல்லை, அதிகம் பேச்சும் இல்லை. மீட்டுகோல் இல்லாமல் விரலாலேயே மீட்டி, கூடவே மெல்லப் பாடுவார் என்று அவரைக் கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1938-இல் அவர் மறைந்தார். அவருடைய பேத்திகளில் பாலசரஸ்வதி 1973-இலும் பிருந்தா 1976-இலும் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார்கள். இன்றும் மேடையில் யாராவது பதம் என்னும் பாடல் வகையில் ஒன்றை மிகவும் விளம்பமாக, அதாவது மெதுவாக, ஒவ்வொரு எழுத்தும் கனிந்து விழும்படி பாடினால், அந்தப் பாட்டு எந்த வீட்டு வழியில் வந்தது என்று விசாரித்துப் பாருங்கள், தம்பி. பெரும்பாலும் ராமகிருஷ்ணா தெருவுக்கே வந்து சேர்வீர்கள்.

இன்னும் பக்கத்தில் வரலாம். தியாகராஜ சுவாமிகள் நம் ஊர்க் கோயில் வடிவுடையம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அவற்றைத் திருவொற்றியூர்ப் பஞ்சரத்தினம் என்பார்கள். கல்யாணி, பேகடா, ஆரபி, சாவேரி, சுத்தசாவேரி ஆகியவை அவற்றின் ராகங்கள். அவர் இந்தப் பக்கம் வந்ததற்கு அவருடைய சீடர் வீணை குப்பையரே காரணம் என்பார்கள். குப்பையரின் மகனுக்குத் திருவொற்றியூர் தியாகய்யர் என்றே பெயர் நிலைத்துவிட்டது, அவர் செய்த வர்ணங்களை என் மாணவிகள் இன்றும் வாசிக்கிறார்கள். வண்டியில் போனால் சிறிது நேரத்தில் வரும் மணலியில்தான் முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம் அங்கிருந்த முதலியார்களின் ஆதரவில் தங்கியிருந்தது. கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைத் தீட்சிதர் கேட்டதும், அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலின் கற்றுக்கொண்டு அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்ததும் அந்தக் காலத்தில்தான். இன்று எந்த சபாவிலும் வயலின் இல்லாத பாட்டுக் கச்சேரியைக் காண்பது அரிது.

கல்லூரித் தம்பி, காலை 8.52
மணலி என்றால் எனக்குச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிதான் நினைவுக்கு வரும். வயலின் அந்த வழியாக வந்தது என்பதை இன்றைக்குத்தான் கேட்கிறேன். ஆனால் டீச்சர், வடிவுடையம்மன் மீது பாடிய பாட்டுகளும் தெலுங்கில்தானே இருக்கின்றன? எனக்குப் புரிகிற மொழியில் கேட்க வேண்டும் என்றால் எங்கே போவது?

தமிழ் ஐயா, காலை 9.05
இந்தக் கேள்வியைத்தான் 1940-களில் ஓர் இயக்கமே கேட்டது. மேடையில் தமிழ்ப் பாடல்கள் கடைசி நேரத் துக்கடாவாக மட்டும் இருப்பது தகாது என்று எழுந்த தமிழிசை இயக்கத்தின் பயனாக, ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அதன் ராஜா அண்ணாமலை மன்றம் உயர் நீதிமன்றத்துக்கு அருகில், பாரிமுனையில் இருக்கிறது. அங்கே டிசம்பர் பின்பாதியில் இசைவிழா நடக்கும். கச்சேரி முழுவதும் தமிழ்ப் பாடல்களாகவே அமையும். பழந்தமிழ் இசையின் ராகங்களான பண்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூட்டமும் அங்கே நடப்பதுண்டு. சங்கம் வழங்கும் இசைப்பேரறிஞர் பட்டத்தைப் பெற்ற பெரிய வித்வான்கள் பலர். மாமா தெற்கே மூன்று சபா ஓடும் நேரத்தில் நாம் வடசென்னையை விட்டு வெளியேறாமலே ஒரு முழுக் கச்சேரியைக் கேட்டுவிடலாம்.

தம்பிக்கு இன்னொன்றும் சொல்கிறேன். திருவொற்றியூர் சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிப் புறப்பட்டுக் கண்ணொளி இழந்த சுந்தரர் இங்கே பாடிய பதிகம் தக்கேசிப் பண்ணில் அமைந்தது. தக்கேசியை ஓதுவார்கள் இன்று காம்போதி ராகத்தில் பாடுகிறார்கள். கோயிலில் ஓதுவார் அந்தப் பதிகத்தை ஓதும்போது ஒருமுறை நின்று கேட்டுவிட்டு, பிறகு மேடையில் ஒருவர் காம்போதியை அரை மணி நேரம் விரித்துப் பாடும்போது உட்கார்ந்து பாருங்கள். ராகத்தின் பெயரைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்க வேண்டிய அவசியமே வராது.

மாடி வீட்டு அக்கா, காலை 9.18
படிக்கப் படிக்க ஆசை கூடுகிறது. ஆனால் என் மகனுக்குப் பத்து வயது. இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்காருவானா என்பதுதான் என் கவலை. நடுவில் எழுந்து வந்தால் மற்றவர்களுக்குத் தொந்தரவாகாதா?

வீணை டீச்சர், காலை 9.30
உட்காருவான், அக்கா, அவனுக்குப் பார்க்க ஏதாவது வேலை கொடுத்தால் போதும். கச்சேரிக்குக் கால் மணி நேரம் முன்பே போய், மேடையை நோக்கி இடப்பக்கமாக முன் வரிசைகளில் இடம் பிடியுங்கள். பாடகருக்கு வலப்புறம் மிருதங்கக்காரர் அமர்வதால் அவர் நமக்கு இடப்பக்கம் இருப்பார். திரை திறந்திருந்தால், கச்சேரிக்கு முன் அவர் ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் நடுவில் வட்டமாக அப்பி, ஒரு தட்டு தட்டிப் பார்த்து, கனம் போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் வைத்து, அதிகமானால் விரல் நுனியால் வழித்து எடுப்பதை அவன் காணலாம். சிலர் இப்போது ரவைக்குப் பதிலாக வேறு பசை பயன்படுத்துகிறார்கள், ஆனால் செய்கிற காரியம் ஒன்றுதான். பிறகு வலப்பக்கமான வலந்தலையின் வார்களைச் சிறு கல்லாலும் கட்டையாலும் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார். இதைப் பார்த்துவிட்ட பிள்ளை தனி ஆவர்த்தனம் வரும் வரை நகரமாட்டான். எழுந்து வர நேர்ந்தால் ஒரு பாட்டு முடிந்து கைதட்டும்போது வந்துவிடுங்கள், அதில் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ஒரு வேண்டுகோள் எல்லோருக்கும். தனி தொடங்கியதும் அரங்கில் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போவார்கள். பாடகரின் பின்னால் மாலை முழுவதும் வாசித்த மிருதங்கக்காரருக்கும் கடம் அல்லது கஞ்சிராக்காரருக்கும் தமக்கென்று கிடைப்பது அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்கள்தான். நம் தெருவிலிருந்து போகிறவர்களாவது அப்போது உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஹார்பர் மாமா, காலை 9.36
டீச்சர் யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தனியின்போது கேன்டீனில் வரிசை குறைவாக இருக்கும் என்பது உண்மையல்ல என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அந்த நேரத்தில்தான் அங்கே கூட்டம் அதிகம்.

கல்லூரித் தம்பி, காலை 9.50
போக்குவரத்தை நான் பார்த்துவிட்டேன். தேரடி மெட்ரோவில் ஏறினால், நடுவில் எங்கும் மாறாமல், மண்ணடிக்கு அடுத்த உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி மன்றத்துக்கு நடந்துவிடலாம். அதே ரயிலில் தொடர்ந்து போனால் ஆயிரம் விளக்கு வரும், அங்கிருந்து அகாடமிக்கு ஆட்டோ போதும். இரவு பதினொரு மணி வரை ரயில் இருப்பதால் கச்சேரி ஒன்பதரைக்கு முடிந்தாலும் பெரியவர்களைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விடுவது என் பொறுப்பு. நானும் வருகிறேன், ஐயா. ஆனால் புரியாததை எல்லாம் கேட்பேன், நீங்கள் திரும்பிக்கொள்ளக் கூடாது.

தமிழ் ஐயா, காலை 9.58
கேளுங்கள், தம்பி, ஆனால் பாட்டின் நடுவில் அல்ல. அப்படியானால் இப்படி வைத்துக்கொள்வோம். முதல் கச்சேரி அண்ணாமலை மன்றத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை, எல்லோரும் சேர்ந்து. அதன் பிறகு விருப்பமுள்ளவர்கள் ஒரு நாள் காலையில் அகாடமியின் லெக்டெமுக்குப் போகலாம். பேச்சும் பாட்டும் கலந்து வருவதால் புதிதாகக் கேட்பவர்களுக்கு அதுவே நல்ல இடம். மாமா தம் மூன்று சபா யாத்திரையைத் தனியாக நடத்திக்கொள்ளட்டும், நாங்கள் தடுக்கவில்லை.

வீணை டீச்சர், காலை 10.04
அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மாலை என் வீட்டுக்கு வந்தால் பஞ்சரத்தினத்தில் உள்ள கல்யாணியையும் சுத்தசாவேரியையும் மாணவிகள் வாசிப்பார்கள். பாட்டு வரிகளான சாகித்தியத்தின் பொருளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், தம்பிக்கு ஒரு படி தருகிறேன்.

ஹார்பர் மாமா, காலை 10.11
ஞாயிற்றுக்கிழமை நானும் மன்றத்துக்கே வருகிறேன், தனி முடியும் வரை எழவும் மாட்டேன். ஆனால் வீட்டுக்காரியிடம் சொல்லி எல்லோருக்கும் கீரை வடை கட்டிக்கொண்டு வருவேன். அதை மெட்ரோ ரயிலுக்குள் பிரிக்கக் கூடாது என்பதால் மன்றத்து வாசலில் வைத்துச் சாப்பிடலாம்.

மாடி வீட்டு அக்கா, காலை 10.15
மிக்க நன்றி. வருகிறவர்கள் வியாழக்கிழமைக்குள் தங்கள் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் இங்கே எழுத்தில் பதிவிடுங்கள். தயவுசெய்து குரல் செய்தி வேண்டாம், எண்ணிக்கை தவறிவிடும். மாலை நான்கரைக்குத் தேரடி நிலையத்தின் டிக்கெட் கவுன்டர் அருகில் கூடுவோம்.