லேசரால் நாக ஒட்சைட்டுத் தூள்: பத்து நிமிடத்தோடு விளைச்சல் நிற்கிறது

மூடுபனி (நானுஓயா)
நீருக்குள் இருக்கும் நாகத்தை (துத்தநாகம், zinc) லேசரால் அடித்து நுண்ணிய ஒட்சைட்டுத் தூள் எடுக்கிறேன். முகவையில் காய்ச்சி வடித்த நீர், அடியில் நாகத் தகடு. மேலிருந்து 1064 நனோமீற்றர் யாக் (YAG, படிக) லேசர்: துடிப்பின் நீளம் 10 நனோசெக்கன், செக்கனுக்கு 10 துடிப்பு (10 ஹேர்ட்ஸ்), துடிப்புக்கு 80 மில்லியூல், புள்ளி 1 மி.மீ. தகட்டின் மேல் நீர் 20 மி.மீ. முதலில் படபடவென்று சத்தம், நீர் வெளுக்கிறது. பத்து நிமிடத்தில் சத்தம் அடங்கிவிடும், அதற்குப் பிறகு தூள் கூடுவதில்லை. காய்ந்தால் சாம்பல் நிறம். லேசருக்குச் சக்தி ஊட்டும் பிளாஷ் லாம்ப் போய்விட்டதா?

ஒளிக்கீற்று
லாம்புக்குக் காசு செலவழிக்க முன் நீரைப் பாருங்கள். உங்கள் கணக்குச் சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 10 யூல், அது போதும். ஆனால் 1064ஐ நீரே உறிஞ்சும், 20 மி.மீ. ஆழத்தில் கால்பங்கு போய்விடும். மிச்சத்தை மிதக்கும் தூளும் குமிழியும் மறிக்கின்றன. தகடு அசையாவிட்டால் நிமிடத்துக்கு 600 துடிப்பும் ஒரே குழியில் விழும், அதனால் தகட்டைச் சுழற்றுங்கள்.

நீரை 6–8 மி.மீ. ஆக்குங்கள். அதற்கும் குறைந்தால் வில்லையில் தெறிக்கும். பத்து நிமிடத்துக்கொருமுறை நீரை மாற்றுங்கள். குவியம் தகட்டுக்குச் சற்றுக் கீழே விழட்டும். மேலே விழுந்தால் நீருக்குள்ளேயே பொறி வெடித்து சக்தி வீணாகும். காற்றில் குவியம் பார்த்துவிட்டு 8 மி.மீ. நீர் ஊற்றினால் அது 2.6 மி.மீ. அளவு கீழிறங்கும்.

சூளை
சாம்பல் நிறம் என்றால் ஒட்சியேறாத நாகம் மிச்சம். ஐதரொட்சைட்டும் கலந்திருக்கும். 60 பாகையில் உலர்த்தி, காற்றில் 400 பாகை செல்சியசில் 2 மணித்தியாலம் வையுங்கள். சூட்டில் மஞ்சளாகத் தெரியும், ஆறினால் வெள்ளை, பழுதில்லை. வெப்பத்தை மேலும் கூட்டினால் தூளின் நுண்மணிகள் ஒட்டிப் பருக்கும், அப்புறம் நுண்ணிய தூளுக்காக லேசர் பிடித்ததற்கே அர்த்தமில்லை.

ஈரக்காற்று
சில்லர் (லேசரைக் குளிர்விக்கும் நீர்க்கருவி) எத்தனை பாகையில்? காற்று 20 பாகை, ஈரப்பதன் 90% என்றால் பனிபடுநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை) 18. அதற்குக் கீழே வைத்தால் லேசரின் உள்ளாடிகளில் நீர் படியும், பூச்சு கருகும். லாம்பில் சந்தேகமென்றால் சக்திமானியை வில்லைக்கு முன்னும் பின்னும் வைத்துப் பாருங்கள். லேசர் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குனிய வேண்டாம்: நீர்ப்பரப்பு 2% திருப்பி அனுப்பும், 1.6 மில்லியூலே கண்ணுக்கு எக்கச்சக்கம்.

மூடுபனி (நானுஓயா)
சில்லர் 16இல்! 22க்கு ஏற்றிவிட்டேன். தகட்டைச் சுழற்ற என்ன மோட்டார்?

ஒளிக்கீற்று
பழைய மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் மோட்டார், நிமிடத்துக்கு 5–6 சுற்று. ஒளியை மையத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி விழுத்துங்கள். சிலது 230 வோல்ட், நீர் பக்கத்தில் இருப்பதால் மூடி வையுங்கள்.