முதல் நாள் எது? மாதவிடாய்த் தலைவலிக்கு மாத்திரை தொடங்குற கணக்கு

செக்காலை மருந்தாளர்:
நேத்து இங்க ஒருத்தர், "தலைக்கு ஊத்துற நாளை முதல் நாளா வச்சு, அதுக்கு 2 நாள் முந்தி நாப்ராக்சன் வலி மாத்திரை தொடங்கணும்"னு எழுதியிருக்காக. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. நம்ம பக்கம் மூணாம் நாளோ அஞ்சாம் நாளோதான் தலைக்கு ஊத்துவாக. அஞ்சுல ரெண்டு போனா மூணு. மாதவிடாய் மைக்ரேன், அதான் மாதவிடாயை ஒட்டி வர்ற ஒற்றைத் தலைவலி, வர்றதே உதிரம் படுறதுக்கு 2 நாள் முந்தியிலேர்ந்து 3ஆம் நாளுக்குள்ளதான். வலி முடியப்போற அன்னைக்குத் தடுப்பு மாத்திரையா? உதிரம் படுற நாள்தான் 1. அதுக்கு முந்தின நாள் மைனஸ் 1, அதுக்கும் முந்தினது மைனஸ் 2. நடுவுல பூஜ்யம் கிடையாது. மைனஸ் 2ல தொடங்கி, வலி வர்ற நாளெல்லாம் தாண்டுற வரைக்கும், 500 மில்லிகிராம் காலையும் ராத்திரியும், சாப்பிட்டுட்டு.

தேவகோட்டை செவிலி:
அண்ணே, தலைக்கு ஊத்துற நாள் தப்புதான், அதை யாரு மறுத்தா? ஒரு மாசம் 26 நாள்ல, மறுமாசம் 33 நாள்ல வர்ற பொண்ணுக்கு மைனஸ் 2 எதுன்னு யாரு சொல்றது? உதிரம் பட்ட பிறகுதானே தெரியும்! முன்னாடியே தொடங்கி, ஒரு வாரம் தள்ளிப்போனா 10, 12 நாள் மாத்திரை உள்ள போயிரும். வயித்துப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருக்கவகளுக்கு அது ஆகவே ஆகாது. தள்ளிப்போறது கர்ப்பமா இருந்தா? வலி தலைதூக்குன உடனே மைக்ரேன் மாத்திரை சுமாட்ரிப்டான் 50 மில்லிகிராம் போட்டாப் போதும். வலி அடங்கிட்டுத் திரும்பினா 2 மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. 24 மணி நேரத்துல 200ஐத் தாண்டக் கூடாது. நெஞ்சுவலி, பக்கவாதம் வந்தவகளும், அடங்காத ரத்தக்கொதிப்பு உள்ளவகளும் அதைத் தொடக் கூடாது. குமட்டல் இருந்தா டோம்பெரிடோன் 10 சேர்த்துப் போடணும். மைக்ரேன்ல இரைப்பை மந்தமாயிரும், மாத்திரை கரைஞ்சு இறங்காம அங்கேயே கிடக்கும்.

செக்காலை மருந்தாளர்:
சுற்று ஒழுங்கா வர்றவகளுக்குத்தான் மைனஸ் 2. காலண்டர்ல 3 மாசம் உதிரம் பட்ட நாளைச் சிவப்புலயும் வலி வந்த நாளை நீலத்துலயும் வட்டம் போடச் சொல்லுங்க. 3ல 2 சுற்றாவது ரெண்டு நிறமும் ஒட்டி விழுந்தா இந்த வைத்தியம், இல்லாட்டி வேற. காத்திருந்து போடச் சொல்றீகளே, வலிக்குக் காரணம் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சரியுறது. அந்தச் சரிவு உதிரத்துக்கு முந்தியே ஆரம்பிச்சுருது. இந்த வலி மத்த மைக்ரேன் மாதிரி இல்ல, நீளமா நிக்கும், ஒரு மாத்திரைக்கு அடங்கி மறுநாளே திரும்பும். திரும்பத் திரும்ப சுமாட்ரிப்டான் மாதிரி ட்ரிப்டான் மாத்திரை போட்டு மாசத்துல 10 நாள் ஆச்சுன்னா, மூணு மாசத்துல மாத்திரையே தலைவலியைக் கொண்டாரும். அதனாலதான் சொல்றேன், உதிரம் படுற நாள் 1.

கண்டனூர் மீனாள்:
ரெண்டு நாள் லேசாக் கசிஞ்சுட்டு அப்புறம் பட்டா எது முதல் நாள்?

செக்காலை மருந்தாளர்:
கசிவு கணக்குல வராது. நல்லாப் படுற நாள்தான் 1.

தேவகோட்டை செவிலி:
கேட்டுக்கங்க! கசியுற ரெண்டு நாளும் அண்ணன் கணக்குல மைனஸ் 2, மைனஸ் 1. கசிவைப் பார்த்துத் தொடங்கினாலே போதும்னு ஆகுது. காலண்டர் எதுக்கு?

செக்காலை மருந்தாளர்:
எல்லாருக்குமா கசியுது?

பள்ளத்தூர் ஆச்சி:
முதல் நாள் முதல் நாள்னு அடிச்சுக்கிறீகளே, வெள்ளிக்கிழமை விரதம் அந்த நாள்ல விழுந்தா வெறும் வயித்துக்கே மண்டையைப் பிளக்குமே, அதை யாராவது சொன்னீகளா? விரதத்தை அடுத்த வாரத்துக்கு மாத்துனாப் பாதி வலி குறையும். மருந்தாளர் போன மாசம் இங்கதான் காபியை ஒரேயடியா நிறுத்தச் சொன்னாக. திடுதிப்புனு நிறுத்துனா அதுக்கே தலை வலிக்கும். அதை இன்னும் திருத்தி எழுதலை.

செக்காலை மருந்தாளர்:
ஆச்சி, குறைக்கத்தான் சொன்னேன்.

பள்ளத்தூர் ஆச்சி:
நிறுத்தச் சொன்னீக.

கண்டனூர் மீனாள்:
படைப்புச் சாமி கும்பிடுறதுக்கு நாள் தள்ளிப்போட நாரெதிஸ்டெரோன் ஹார்மோன் மாத்திரை 5 மில்லிகிராம், நாளைக்கு மூணு வேளை போடுறாகளே, அப்ப கணக்கு எப்படி?

செக்காலை மருந்தாளர்:
அப்பத்தான் கணக்கு கையில நிக்குது. நிறுத்தின 2, 3 நாள்ல உதிரம் படும். நிறுத்துற நாள்தான் மைனஸ் 2, அன்னைக்கே நாப்ராக்சன் தொடங்கலாம். சுற்று எப்படி ஆடினாலும் இந்த ஒரு மாசம் நாள் தெரியும். செவிலி இதுக்கு என்ன சொல்றாக?

தேவகோட்டை செவிலி:
வலிக்கு முந்தி கண்ணுல மின்னல் மின்னலா நெளிஞ்சு வருதான்னு கேட்டுட்டா கொடுக்கிறீக? அப்படி வர்றவகளுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாதத்துல கொண்டுபோய் விடலாம். நாரெதிஸ்டெரோனை அந்த அளவுல போட்டா, அதுலயும் கொஞ்சம் உடம்புக்குள்ள ஈஸ்ட்ரோஜனா மாறும். டாக்டர் சீட்டு இல்லாம எந்தக் கடையிலயும் எடுத்து நீட்டக் கூடாது. இப்பத்தான் தெரியுது, அண்ணனுக்கு ஏன் நாள் கணக்கு மேல இவ்வளவு பிரியம்னு.

செக்காலை மருந்தாளர்:
சீட்டு இல்லாம நான் கொடுத்ததை யாரு பார்த்தா? எழுதுறதை நிதானிச்சு எழுதணும். நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு: உதிரம் படுற நாள் 1.

தேவகோட்டை செவிலி:
33 நாள் சுற்றுக்கு இன்னும் பதில் வரலை. கர்ப்பத்துக்கும் வரலை.

பள்ளத்தூர் ஆச்சி:
காபிக்கும்.