முன்னுக்கு வைத்த ஒயில் கூலர்: உள்ளே போன காற்று எங்கே போகிறது? ஏ9 ரோட்டில் பழைய கார் ஓடினவர்கள் எழுதுங்கள்

கனகராயன்குளத்தான்:
மாமாவின் பழைய பிரிட்டிஷ் ஸ்போட்ஸ் கார், எம்ஜிபி. 1798 சிசி, ஐந்து பெயரிங் என்ஜின். இந்தக் காருக்கு என்ஜின் ஒயிலைக் காற்றால் ஆற்றும் கூலர் இருக்கவேண்டிய இடம் கிறிலுக்குப் பின்னால், ரேடியேற்றருக்கு முன்னால் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். முந்திக் காரை வைத்திருந்தவர் அதைக் கழற்றி, பம்பருக்குக் கீழே இருக்கும் தகட்டுக்குப் பின்னால் இறக்கி, கல் அடிக்கக்கூடாது என்று சுற்றிவரத் தகரப் பெட்டியும் அடித்துவிட்டிருக்கிறார். முன்பக்கம் வாய் இருக்கிறது, வலையும் வடிவாகப் போட்டிருக்கிறது. பின்பக்கம் முழுக்க மூடல்.

வவுனியாவில் இருந்து வரும்போது புளியங்குளம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் தொடங்கும். தண்ணி முள் அசையாது, ஒயில் பிரஷர் முள் மட்டும் 60இல் இருந்து மெல்ல மெல்ல இறங்கி 35க்குக் கிட்டப் போய் நிற்கும். முறிகண்டியில் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் மட்டம் சரியாக இருக்கும். பம்பை மாத்து என்று ஒருவர், பெயரிங் போய்விட்டது என்று இன்னொருவர்.

கடைசியில் மச்சான்தான் யோசனை சொன்னான். மாமியின் தையல் பெட்டியில் இருந்து சிவப்பு நூலை எடுத்து, சாண் சாணாக வெட்டி, கூலர் வாயைச் சுற்றி ரேப்பால் ஒட்டினோம். நான் காரை ஓட்ட, அவன் தன் நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருந்து பக்கத்தில் வந்து பார்த்தான். 60 வேகத்தில் போகிறோம். காற்று உள்ளே போகிறதென்றால் நூலும் வாய்க்குள் இழுபட வேண்டும் அல்லவா? "அத்தான், நூல் ஒண்டும் உள்ள போகேல்லை, பம்பரோட ஒட்டிக்கொண்டு நிக்குது!" என்று கத்தினான். பக்கத்தில் இருந்த நூல்கள் வெளிப்பக்கம் வளைந்து தகட்டோடு படுத்துக் கிடந்தனவாம். அதாவது அவ்வளவு வேகத்தில் போயும் முகத்துக்கு நேரே வந்த காற்று கூலருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. அந்தச் சிவப்பு நூல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பின் மூடலை வெட்டத்தான் போகிறேன். காற்றை எந்தப் பக்கம் விடுவது, சில்லு வளைவுக்குள்ளா, நேரே கீழேயா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பளத்தடி:
தம்பி, கோபிக்காதேயும். இந்தக் கூலரே தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். 90களில் பொருளாதாரத் தடைக்குள் நாங்கள் கார் ஓடினவர்கள். பெற்றோல் கண்ணால் காண முடியாது, போத்தலில் கொஞ்சம் வைத்திருந்து காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணிப் போட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஒரு நாள் பின்னேரம் பரந்தன் சந்திக்கு இங்கால், ஒஸ்ரின் ஏ40இல் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுபோகிறோம். பின் சீற்றில் அவளும் தாயும், வெள்ளைப் புகை பின்னால் சுருண்டு வருகிறது, ரோட்டில் கிடங்கு இல்லாத இடம் இல்லை. டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஒயில் தண்ணி மாதிரி ஒழுகும், மணந்து பார்த்தால் மண்ணெண்ணெய். அந்த ஒயிலோடும் என்ஜின் நிற்கவில்லை. ஆசுப்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத்தான் நிறுத்தினோம். கூலரும் இல்லை, கேஜும் இல்லை. உங்கள் மாமாவின் காரில் ஒயில் தடித்த 20டபிள்யூ 50தானா என்று முதலில் பாரும். இப்ப கடைகளில் புது ஜப்பான் கார்களுக்கு வாற மெல்லிய ஒயிலைத் தந்துவிடுகிறார்கள், அதை ஊற்றினால் முள் இறங்காமல் என்ன செய்யும்?

கனகராயன்குளத்தான்:
ஐயா, ஒயில் 20டபிள்யூ 50தான், ரின்னை நானே உடைத்து ஊற்றினேன். நீங்கள் அந்தக் காலத்தில் பட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் ஒயில் மெலிந்தது எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங் வழியாக இறங்கிக் கலந்ததால், இங்கே மெலிவது சூட்டால். அந்தக் கிடங்கு ரோட்டில் யாரும் 70 வேகத்தில் போகவில்லை. இன்றைக்கு ஏ9 காபெற் ரோட்டு. உச்சி வெயிலில் என்ஜின் அரை மணித்தியாலம் விடாமல் சுற்றுகிறது. ஒயிலுக்கு வருகிற சூடு அதற்கேற்ப ஏறும்.

முள்ளியவளையான்:
இரண்டு பேரும் ஈசலை மறந்துபோனீர்கள். ஐப்பசி முதல் மழை விட்ட அடுத்த பொழுது, மாங்குளம்–முல்லைத்தீவு ரோட்டில் ஒட்டுசுட்டான் கழிந்து வருகிறோம், வெளிநாட்டில் இருந்து வந்த சிநேகிதனின் ட்ரையம்ஃப் ஸ்பிற்ஃபயர். லைற் வெளிச்சத்துக்குள் ஈசல் மழையாகக் கொட்டியது. வீட்டுக்கு வந்து ரோர்ச் அடித்துப் பார்த்தால் கூலரின் முகத்தில் ஒரு இடைவெளி தெரியவில்லை. செட்டை, உடம்பு எல்லாம் தகடுகளுக்கு இடையில் வெந்து ஒட்டியிருந்தது. பல் துலக்கும் பழைய பிரஷ்சும் சவர்க்காரத் தண்ணியும் கொண்டு, பின்பக்கத்தால் முன்பக்கம் தள்ளிக் கழுவினால்தான் போகும். முன்னுக்கு இருந்து குழாயால் அடித்தால் இன்னும் உள்ளே இறுகும். வழி வெட்ட முதல் அதைப் பாருங்கோ.

மடுவீதியான்:
நான் கண்டது வேறு. ஆவணி 15 மடுத் திருவிழாவுக்கு ஃபொக்ஸ்வாகன் பீற்றில் காரில் ஒரு குடும்பம் வந்தது, மகன் அதற்கு மேலதிகக் கூலர் ஒன்று வைத்திருந்தார். என்ஜின் பின்னுக்கு, கூலர் முன்னுக்கு, ஸ்பெயர் சில்லுக்குப் பக்கத்தில். காருக்கு அடியால் நீட்டுக்கு இரண்டு ஹோஸ். முன் தகட்டில் காற்று நுழைய நல்ல பெரிய வாய் வெட்டியிருந்தார். வெளியே போக வழி? சாமான் வைக்கும் முன் பெட்டிக்குள்ளேயே விட்டிருக்கிறார்.

மடு வீதியில் அன்று சனம், பஸ், உழவு இயந்திரம், கால்நடையாக வருகிறவர்கள். காரெல்லாம் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தன. கோயிலடியில் நிறுத்தி தாயார் நேர்த்திக்குக் கொண்டுவந்த மெழுகுதிரிக் கட்டை எடுக்க முன் மூடியைத் திறந்தார். சூடு அடுப்படி போல முகத்தில் அடித்தது, பக்கத்தில் நின்ற எனக்கே பட்டது. அந்தக் கட்டு முழுக்க வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிக் கிடந்தது. தாயார் ஒன்றும் பேசவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தா. பிறகு அப்படியே கொண்டுபோய் மாதாவின் முன்னால் வைத்தா.

எனக்கு இன்றுவரை கவலை என்னவென்றால், இதே பாடத்தை பீற்றில் கொம்பனியே படித்து முடித்த கார் அது. பழைய பீற்றிலில் ஒயில் கூலர் ஃபான் மூடிக்குள்ளேயே நிற்கும், அதைத் தொட்டுச் சூடான காற்றுத்தான் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும், அதனால் அந்தச் சிலிண்டர்தான் முதலில் அடிவாங்கும். 1971 மொடலில் கூலரை மூடிக்கு வெளியே தள்ளி, தனியான வீடு கட்டி, அதன் சூட்டுக் காற்றைத் தகரக் குழாயால் என்ஜின் அறைக்கு வெளியே தள்ளினார்கள். கூலரை மட்டும் பெரிதாக்கிவிட்டு நிற்கவில்லை, காற்று போகிற வழியை மாற்றினார்கள்.

வவுனியாக் கராஜ்:
எல்லாம் வாசித்தேன். என் அனுபவம் ஒரு வரிதான்: ஓமந்தைக்குக் கிட்ட ரோட்டோரம் நின்ற ஒரு பழைய காரின் பொனற்றைத் திறந்தபோது, கூலர் பின்பக்கத்துக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் கை வைக்க முடியாத சூடு, காற்று மட்டும் துளி அசையவில்லை. மரத்தடியில் நின்ற ஆட்டின் காது ஆடும் அளவுக்கு வெளியே கச்சான் காற்று அடிக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை.

சரி, இனிக் கேளுங்கள். ஒரு ஜன்னல் மட்டும் உள்ள அறைக்குள் காற்று வராது, இதுவும் அதுதான். காற்றைக் கூலருக்குள் தள்ளுவது முன்னால் இருக்கும் அழுத்தம் மட்டும் இல்லை, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். வாயைப் பெருப்பிப்பதைவிட போகும் வழியைப் பெருப்பித்தால்தான் பலன். வெளிவாய் உள்வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் 35 பாகையில் நுழையும் காற்று 80 பாகையாக வெளியே வந்தால் கிட்டத்தட்ட 15 வீதம் பெருக்கும். உள்வாய்க்கும் கூலருக்கும் நடுவே இருக்கும் இடைவெளிகளை எல்லாம் ரப்பர் பட்டியோ கெட்டியான ஸ்பொஞ்சோ வைத்து அடையுங்கள். காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் பிடிக்கும், தகடுகளுக்குள் நெருக்கிப் போவதைவிட ஓரத்தால் நழுவுவது அதற்கு இலகு.

எங்கே விடுவது என்ற கேள்விக்கு: சில்லு வளைவு நல்ல இடம். 1969 மொடல் போர்ஷ் 911எஸ்ஸில் வலது முன் மட்காட்டுக்குள் கூலர் வைத்தார்கள், சூட்டுக் காற்று சில்லு வளைவுக்குள்தான் போகும். பொனற் மேல் விடுவதென்றால் முன் மூன்றில் ஒரு பகுதிக்குள் விடுங்கள், ஃபோர்ட் ஜிடி40 பந்தயக் காரின் மூக்கின் மேலே இருக்கும் பெரிய திறப்புகளைப் பார்த்தால் விளங்கும். முன் கண்ணாடியின் அடியில் ஒருபோதும் வெட்டாதீர்கள், அங்கே அழுத்தம் கூட. எம்ஜிபியிலேயே ஹீற்றருக்கான காற்று அந்த இடத்தில் இருந்துதானே எடுக்கப்படுகிறது! நேரே கீழே விடுவதென்றால் திறப்புக்கு முன்னால் இரண்டு விரல் உயரத்துக்குத் தகட்டு உதடு ஒன்று கீழ்நோக்கி வையுங்கள், அதற்குப் பின்னால் அழுத்தம் குறையும், காற்றைத் தானே உறிஞ்சி எடுக்கும். உதடு இல்லாத வெறும் ஓட்டையால் சில கார்களில் கீழே இருந்து காற்று மேலே ஏறும்.

மற்றது, ஒயில் தெர்மோஸ்ரற் ஒன்று போடுங்கள், 80 பாகைக்குக் கிட்டத் திறந்து, அதற்குப் பிறகே ஒயிலைக் கூலருக்கு விடுவது. மார்கழி விடியற்காலையில் வாடை அடிக்கும்போது ஒயில் சூடேறாமல் ஓடினாலும் கெடுதல், உள்ளே சேரும் ஈரம் வெளியேறாது. ஒயில் 90க்கும் 110க்கும் இடையில் நின்றால் நிம்மதி. ஹோஸ் இணைப்பு கூலரின் மேல்பக்கம் இருந்தால் உள்ளே காற்று அடைபடாது. எப்போதாவது பெயரிங் உடைந்த என்ஜினைப் புதுக்கினால் பழைய கூலரைத் திரும்பப் போடவே வேண்டாம், அதன் குழாய்களுக்குள் ஒளிந்திருக்கும் உலோகத் தூளைக் கழுவி எடுக்க முடியாது, புது பெயரிங்கைத் தின்றுவிடும்.

உப்பளத்தடி:
வவுனியாத் தம்பி சொன்ன வாடைக் கதை சரி, அதை ஏற்கிறேன். ஆனால் சில்லு வளைவுக்குள் வெட்டு என்று சொல்லும்போது மாரியைப் பற்றி யோசித்தீரோ? மழைக்குப் பிறகு உள் ரோட்டுக் கிரவல் களி எப்படி ரயரில் இருந்து தெறிக்கும் என்று வன்னியில் ஓடினவனுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு மழைக்குள் கூலரின் முதுகு சுவராகிவிடும்.

மடுவீதியான்:
ஐயா சொல்வது நியாயம். ஆனால் மெதுவாகப் போகும் சனக்கூட்டத்துக்கு இதில் எதுவுமே உதவாது, வேகம் இல்லாவிட்டால் அழுத்த வித்தியாசமும் இல்லை. அப்ப ஒரு சின்ன மின்சார ஃபான் பின்பக்கம் இழுக்கிற மாதிரி வைத்தால்தான் சரி. அந்த பீற்றில்காரத் தம்பியும் பிறகு பெட்டிக்குள் விடுவதை நிறுத்தி, தகரக் குழாயால் இடது சில்லுப் பக்கம் இறக்கி, ஃபானும் போட்டதாகக் கேள்வி.

கனகராயன்குளத்தான்:
எல்லோருக்கும் நன்றி. வெட்டியாகிவிட்டது. பெட்டியின் பின்தகட்டை முழுவதும் எடுத்தோம், இரண்டு பக்கமும் சில்லு வளைவின் முன்பகுதியில், ரயருக்கு மேலான உயரத்தில், மீன் செதில் மாதிரிப் பின்னுக்குப் பார்த்த திறப்புகள் அடித்தோம். உப்பளத்தடி ஐயா சொன்ன களிக்காக, லொறி ரியூப்பை வெட்டி மேல் ஓரத்தில் மட்டும் ஆணி அடித்த ரப்பர் நாக்கு ஒன்று தொங்க விட்டிருக்கிறோம். காற்று தள்ளினால் அது திறக்கும், சேறு வந்து அடித்தால் மூடும். ஓரங்களுக்கு ஃபிறிட்ஜ் கதவு ரப்பர். நேற்று மத்தியானம் மச்சான் திரும்பவும் நூல் ஒட்டினான், எல்லா நூலும் வலைக்குள் இழுபட்டு நின்றது. கிளிநொச்சி மட்டும் போய்வந்தோம், பிரஷர் முள் 50க்குக் கீழே இறங்கவில்லை.

இனி ஒரு விசயம்: கார் 40 வேகத்துக்குக் கீழே போகும்போது அந்த ரப்பர் நாக்கு முழுக்க மூடிக்கொள்கிறது. மடுவீதியான் சொன்ன ஃபான் போட்டால் அந்தக் காற்றுக்கு நாக்கைத் தூக்கும் பலம் இருக்குமா, அல்லது இன்னும் மெல்லிய ரப்பர் தேடவேண்டுமா?

வவுனியாக் கராஜ்:
லொறி ரியூப் பாரம் கூட. சைக்கிள் ரியூப்பை நடுவால் பிளந்து விரித்துப் போடுங்கள், கீழ் ஓரத்தை விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு வெட்டி விடுங்கள். சின்ன ஃபானுக்கும் தூக்கும்.